துள்ளும் காலும் வளையும் காலும்

கினிகத்தேனையிலிருந்து அட்டனுக்கு ஏறும் வழியில் அமைந்துள்ளது வட்டவளை. இலங்கையிலே மிகுந்த மழை பெறும் இடங்களுள் அது ஒன்று. ஆண்டுதோறும் ஏறத்தாழ 5000 மில்லிமீற்றர் மழை அங்குப் பொழிகின்றது. எப்பக்கம் நோக்கினும் சரிவு, சரிவெங்கும் தேயிலை. அத்தகைய மண்ணிலே பிள்ளைகள் ஓடியாடச் சமதரை கிடைப்பது அரிது. கிடைக்கும் சிறு துண்டு நிலத்திற்கு ஏற்ற விளையாட்டாக அமைவது கரப்பந்தாட்டம். 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் கொண்ட ஆடுகளம், இரு கம்பங்கள், ஒரு வலை, ஒரு பந்து ஆகியவை இருந்தாற் போதும், பன்னிருவர் ஆடலாம்.

இவ்விளையாட்டை 1895 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வில்லியம் மோர்கன் என்பார் வகுத்தார். 1916 இல் கொழும்பு வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் வாயிலாக அது இலங்கைக்கு வந்தது. 1991 இல் நாட்டின் தேசிய விளையாட்டு என்னும் சிறப்பையும் பெற்றது. வளர்ந்தோர் ஆட்டத்தில் ஆண்களுக்கான வலை 2.43 மீற்றர் உயரத்திலும், பெண்களுக்கான வலை 2.24 மீற்றர் உயரத்திலும் கட்டப்படும். அவ்வுயரத்திற்கு மேலே பந்தை அடிக்கவும் தடுக்கவும் வல்லவரே முன்வரிசையில் நிலைபெறுவர். ஆகவே, உயர்ந்த உடல் வாய்த்தவர்க்கு இவ்விளையாட்டு எளிதாகின்றது. வலைப்பந்தாட்டத்திலும் அவ்வாறே. 208 சென்ரிமீற்றர் உயரமுடைய தர்ஜினி சிவலிங்கம் வளையத்தின் அருகே நின்று பந்தை ஏந்துகையில், எதிரணியினர் எட்டிப் பறிக்க இயலாது தவித்ததை உலகம் கண்டது.

உயரம் வாய்க்காத பிள்ளை என் செய்யும்? மலையகத்தில் இது வெறும் விளையாட்டு வினா அன்று. 2016 ஆம் ஆண்டில் நடைபெற்ற தேசிய சுகாதார அளவீட்டின்படி, தோட்டப்பகுதியில் ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுள் 100 க்கு ஏறத்தாழ 32 பேர் வயதிற்கேற்ற உயரம் பெறாதிருந்தனர். நாடு முழுவதற்குமான கணக்கோ 100 க்கு 17 மட்டுமே. அன்று அளக்கப்பட்ட குழந்தைகளின் தலைமுறையே இன்று பாடசாலை அணிகளில் இடம் தேடி நிற்கின்றது. குழந்தைப் பருவத்தில் தவறிய வளர்ச்சியை முற்றாக மீட்பது எளிதன்று. ஆயினும் வலைக்கு ஆளின் உயரம் தெரியாது. அதன் மேலே எழுந்த கையைத்தான் தெரியும். குறைந்த உயரத்தை ஓரளவு ஈடுசெய்யும் வழி தாவும் ஆற்றலே. அவ்வாற்றல் எங்கிருந்து பிறக்கின்றது என்பதை அறியாது பழகும் பிள்ளை, பயனைப் பெறுவதற்கு முன்னரே முழங்காலைக் கெடுத்துக்கொள்ளவுங் கூடும்.

தாவுவோர் எவரும் முதலில் தாழ்வர். முழங்காலும் இடுப்பும் கணுக்காலும் விரைவாக மடங்கி, மறுகணமே நிமிர்கின்றன. மடங்கும்போது தொடையின் முன்தசைகளும் கெண்டைக்கால் தசைகளும் இழுபடுகின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் நாண்கள், சிறப்பாகக் குதிகால் நாண், இழுபட்ட இரப்பர்போல் ஆற்றலைத் தேக்கிக்கொள்கின்றன. தாமதமின்றி நிமிர்ந்தால் தேங்கிய ஆற்றல் உடலை உயர்த்த உதவுகின்றது. தாழ்ந்த நிலையில் சற்று நின்று பின்னர் எழுவோருக்கு அதன் பெரும்பகுதி வீணாகிவிடும். நின்றெழுவதைவிடத் தாழ்ந்தவுடன் எழுவது சில சென்ரிமீற்றர் கூடுதலான உயரத்தைத் தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலைப்பாதையில் நடப்போர் இத்தொழிற்பாட்டின் இரு பாதிகளையும் நாள்தோறும் உணர்கின்றனர். ஏற்றத்தில் தொடைத்தசை சுருங்கி உடலை மேலே தள்ளுகின்றது. இறக்கத்தில் அதே தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்குகின்றது. கொழுந்துக் கூடையோடு இறங்கிய தாய்மாரின் தொடை மாலையில் வலிப்பது இந்த இரண்டாவது வேலையாலேயே. லயத்திலிருந்து பாடசாலைக்கு ஏறியிறங்கும் பிள்ளைகளின் கால்களுக்கு வலிமையின் அடித்தளம் இவ்வாறு அமைகின்றது. ஆனால் நடை மெதுவானது. தாவலோ கண்ணிமைப்பொழுதில் முடிவது. மலைநடை தரும் வலிமையைத் துள்ளலாக மாற்றுவதற்குத் தனிப்பயிற்சி வேண்டும்.

இங்கே நெகிழ்ச்சியைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் வேண்டும். கால் எவ்வளவு வளைகின்றதோ அவ்வளவு உயரமாகத் தாவலாம் எனப் பலர் நம்புகின்றனர். உண்மை அதுவன்று. குனிந்து பாதத்தைத் தொடும் பிள்ளை குறைவாகத் தாவுவதும், தொட இயலாத பிள்ளை உயர எழுவதும் உண்டு. தாவுவதற்குச் சற்று விறைப்பான நாணே துணைசெய்கின்றது. தளர்ந்த கயிறு எதையும் எறியாது. அங்ஙனமாயின் நெகிழ்ச்சி எதற்கு? மூட்டுகள் தடையின்றித் தாழ்வதற்கும், தரையிறங்கும் அதிர்ச்சியை உடலெங்கும் பகிர்ந்து தாங்குவதற்குமே அது வேண்டப்படுகின்றது. கணுக்கால் போதிய அளவு மடங்காத பிள்ளை இறங்கும்போது குதிகாலை உயர்த்தும், அல்லது முழங்காலை உட்புறம் சாய்க்கும். இதனால் முழங்காலுக்கு ஊறு நேரும். தாவும் விளையாட்டுகளில் முழங்காலின் உள் இணையம் அறுந்து போகும் விபத்து ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கு மிகுதியாக நேர்கின்றது. ஆதலின் பெண்கள் அணிகளில் இறங்கும் முறையைக் கற்பிப்பது முதற்பாடமாதல் வேண்டும்.

நெகிழ்ச்சிப் பயிற்சிக்குரிய வேளையும் கருதத்தக்கது. ஆட்டத்திற்குச் சற்று முன்பு ஒரே தசையை நெடுநேரம் நீட்டி நிறுத்தினால் தாவும் ஆற்றல் சிறிது குன்றும். 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வுத்தொகுப்பு, 60 வினாடிக்குக் குறைவாக நீட்டினால் இழப்பு 100 இல் ஒரு பங்களவே என்றும், அதற்கு மேற்பட்டால் நான்கைந்து பங்காகும் என்றும் காட்டிற்று. ஆகவே ஆட்டத்திற்கு முன்னர் மெதுவோட்டம், காலை வீசுதல், நடந்தவாறே முழங்காலை மடித்தல், சிறு துள்ளல்கள் என்று அசைவோடு கூடிய பயிற்சிகளே தக்கவை. ஈரமும் குளிரும் மிகுந்த வட்டவளையில் இவற்றைச் சில நிமிடங்கள் கூடுதலாகச் செய்தல் நலம். சூடேறிய தசையே விரைந்து சுருங்கும். நீட்டி நிறுத்தும் பயிற்சியை ஆட்டம் முடிந்தபின் அல்லது வேறொரு வேளையில் செய்யலாம்.

வளரும் பருவத்திற்கு உரிய இடர் ஒன்றும் உண்டு. பெண்பிள்ளைகள் 12 வயதளவிலும் ஆண்பிள்ளைகள் 14 வயதளவிலும் மிக விரைவாக உயர்வர். அப்போது எலும்பு முந்தி நீள, தசை பின்தங்கி வரும். நேற்றுவரை எளிதாகக் குனிந்த பிள்ளை இன்று குனிய இயலாது வருந்தும். முழங்காலுக்குக் கீழே, தொடைத்தசையின் நாண் பற்றியுள்ள இடம் இன்னும் முற்றாத எலும்பாக இருக்கும். ஓயாத தாவலால் அவ்விடம் இழுபட்டு வீங்கி வலிக்கும். 1903 இல் பொஸ்ரன் நகர மருத்துவர் ஒஸ்கூட் என்பாரும் சூரிச் நகர மருத்துவர் சிலாற்றர் என்பாரும் இதனைத் தனித்தனியே விவரித்தனர். அவர்கள் பெயராலேயே இந்நோய் வழங்குகின்றது. தாவலைச் சில காலம் குறைத்தால் பெரும்பாலும் தானே தணிந்துவிடும். இதனைச் சோம்பல் என்று கருதிக் கடிந்துகொள்ளும் பயிற்றுநர், நோயோடு ஆடப் பிள்ளையை ஏவுகின்றார். அல்லது ஆட்டத்தையே கைவிடச் செய்கின்றார். இவ்விரண்டாலும் இழப்பு பிள்ளைக்கே.

குழுவிளையாட்டில் இதனை மேலும் கருத்தூன்றி நோக்கல் வேண்டும். 1958 ஆம் ஆண்டு தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் தாண்டி இலங்கைக்குத் தங்கப்பதக்கம் ஈட்டிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் போன்ற உயரம்பாய்வோர், ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் இடையே இளைப்பாறுவர். கரப்பந்தாட்டக்காரரோ ஒரே ஆட்டத்தில், களைத்த காலோடும், பலமுறை தாவியாக வேண்டும். தாவல்கள் எத்தனையோ, தரையிறக்கங்களும் அத்தனையே.

இவற்றையெல்லாம் கணிக்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. 1921 இல் டட்லி சார்ஜன்ற் என்னும் அமெரிக்க உடற்கல்வி அறிஞர் எடுத்துரைத்த தாவற் சோதனையை, இன்று ஒரு சுவரும் சுண்ணாம்புக் கட்டியும் கொண்டே நடத்தலாம். நின்று எட்டிய இடத்திற்கும் தாவி எட்டிய இடத்திற்கும் உள்ள இடைவெளியே தாவும் உயரம். கணுக்காலுக்கும் சுவரே போதும். குதிகால் எழும்பாமல் முழங்காலைச் சுவரில் தொட்டு, விரல்நுனி சுவரிலிருந்து எவ்வளவு தூரம் விலக முடிகின்றது என்று இரு காலிலும் அளக்கலாம். ஒரு கால் மற்றதைவிட மிகவும் பின்தங்கியிருப்பின் அதற்குக் கூடுதலான பயிற்சி தரலாம். மாதம் ஒருமுறை இவ்வளவுகளையும் பிள்ளையின் உயரத்தையும் ஓர் ஏட்டில் குறித்துவந்தால், விரைந்து வளரும் மாதம் எதுவென்பது புலப்படும். அம்மாதத்தில் தாவலைக் குறைக்கலாம்.

பயிற்சி நாள்கள் கிழமைக்கு இரண்டு போதும். இடையே ஓய்வு இருத்தல் வேண்டும். முதலில் ஓசையின்றி இறங்கப் பழகுதல், அடுத்துச் சிறு துள்ளல், அதன்பின் முழுத்தாவல் என்னும் ஒழுங்கு மாறக்கூடாது. வழுக்கும் சேற்றில் தாவப் பழகாது, மழை நாளில் பாடசாலை மண்டபத்தில் கணுக்காலையும் தொடையையும் நெகிழ்விக்கலாம்.

எனினும், எப்பயிற்சியும் உணவிற்கு ஈடாகாது. வயிறு நிறையாத பிள்ளையின் தசை வளர்வதற்குப் பொருளில்லை. முட்டையும் பருப்பும் கீரையும் பாலும் பிள்ளையின் தட்டிற்கு வந்து சேர்தலும் பயிற்சியின் ஒரு பகுதியே. அதனைப் பெற்றோரும் பாடசாலையும் தோட்ட நிருவாகமும் தத்தம் கடனாகக் கொள்ளுமாயின், வலையின் மேலே எழும் கைகள் வட்டவளையில் பெருகும். எழுந்த பிள்ளை நலமே தரையில் இறங்கவும் செய்யும்.