கருத்துக் கணிப்பா? கணக்கைக் காட்டு!

முசிறி பஸ் நிலையத்தில் தேர்தல் நேரம் வந்துவிட்டால் ஒரே பேச்சுதான். "டி.வி.யில போட்டுட்டான்... அந்தக் கட்சிக்கு இத்தனை சீட்டாம்!" என்பார் ஒருவர். "எங்கிட்ட எவனும் வந்து கேக்கலியே! உங்கிட்ட கேட்டானா?" என்று மடக்குவார் இன்னொருவர்.

சிரித்துவிட்டுப் போகிற கேள்வி அல்ல இது. சரியான கேள்வி!

தொகுதிக்கு 10 பேர்

தமிழ்நாட்டில் 234 சட்டசபைத் தொகுதிகள். மாநிலம் முழுவதும் 2,340 பேரைக் கேட்டதாக வைத்துக்கொள்வோம். தொகுதிக்கு 10 பேர்தான்! முசிறியில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்கள். மாநிலத்தில் காற்று எந்தப் பக்கம் என்று சொல்ல 2,340 பேர் போதும். முசிறியில் ஜெயிப்பது யார் என்று சொல்ல 10 பேர் போதாது.

முறையாகப் பொறுக்கி எடுத்த 1,000 பேரைக் கேட்டாலும் 3 சதவீதம் கூடலாம், குறையலாம் என்பது கணக்கு.

2016 சட்டசபைத் தேர்தலில் என்ன நடந்தது? தி.மு.க. ஆட்சிதான் என்றன பல கணிப்புகள். தேர்தல் நடந்த 232 தொகுதிகளில் அ.தி.மு.க. 134-ஐப் பிடித்தது. தி.மு.க. அணிக்கு 98. ஓட்டு வித்தியாசமோ சுமார் 1 சதவீதம்தான்! 3 கிலோ பிசகும் தராசில் 1 கிலோவை நிறுக்க முடியுமா?

சந்தை சரிந்தது

2024 பாராளுமன்றத் தேர்தலில் பா.ஜ.க. கூட்டணிக்கு 350-க்கு மேல் என்று ஜூன் 1-ந்தேதி மாலை பல கணிப்புகள் வந்தன. 3-ந்தேதி பங்குச் சந்தையில் சென்செக்ஸ் 2,500 புள்ளிகள் துள்ளியது. மறுநாள் ஓட்டு எண்ணினார்கள். கிடைத்தது 293! சென்செக்ஸ் 4,300 புள்ளிகளுக்கு மேல் விழுந்தது. முதல் நாள் நம்பி வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

மறைத்தால் தண்டனை இல்லை

ஓட்டுப்பதிவு முழுவதும் முடியுமுன் வாக்குச்சாவடிக் கணிப்பை வெளியிட்டால் 2 ஆண்டு வரை ஜெயில். 2009-ல் வந்த சட்டத் திருத்தம் இது. ஆனால் எத்தனை பேரைக் கேட்டோம், யார் பணம் கொடுத்தார் என்பதை மறைத்தால்? ஜெயிலும் இல்லை, அபராதமும் இல்லை!

கணிப்பை நடத்தியது யார், நடத்தச் சொன்னது யார், எத்தனை பேரைக் கேட்டார்கள், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எவ்வளவு பிசகலாம் - இத்தனையையும் பத்திரிகைகள் போட வேண்டும் என்று பிரஸ் கவுன்சில் 1996-லேயே சொல்லிவிட்டது. அது அறிவுரைதான். இவற்றை வெளியிடுவதைச் சட்டமாக்கச் சொல்லி 2015-ல் சட்ட கமிஷன் சிபாரிசு செய்தது. சட்டம் வரவில்லை.

2014 பிப்ரவரியில் ஒரு டி.வி. ரகசிய காமிராவோடு கிளம்பியது. பணம் தந்தால் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துத் தர சில கணிப்பு நிறுவனங்களின் ஆட்கள் சம்மதித்ததாகப் படம் காட்டியது. குற்றச்சாட்டை மறுத்த நிறுவனமும் உண்டு. கணக்கு திறந்து கிடந்தால் இந்தச் சந்தேகத்துக்கே இடம் ஏது?

கணிப்பு பலிக்காமல் போவது குற்றம் அல்ல. ஜனங்கள் மனசு மாறும். கேட்டவரிடம் பொய்யும் சொல்லும். கணக்கை ஒளிப்பதுதான் தப்பு. "இவர்தான் ஜெயிப்பார்" என்று நம்பிக் காற்றடிக்கும் பக்கம் சாய்கிறவர்களும், "என் ஓட்டால என்ன ஆகப்போகுது?" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களும் உண்டு அல்லவா?

ஆகவே அடுத்த கணிப்பு வரும்போது சீட்டு எண்ணிக்கையை அப்புறம் பாருங்கள். அடியில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று முதலில் தேடுங்கள். ஒன்றுமே இல்லையா? அது கணிப்பு அல்ல, ஜோசியம்!