ஓட்டமும் வெல்லமும்

"ஏனுங்க, நாய் கீய் தொரத்துதுங்களா?"

ஜேடர்பாளையத்தில், ராஜ வாய்க்கால் கரைமீது நாம் முதன் முதலாக ஓடத் தொடங்கிய அன்று, எதிரே வந்த பெரியவர் ஒருவர் நம்மைக் கேட்ட கேள்வி இது. தலையில் புல்லுக்கட்டு, கையில் அரிவாள். நாய் வந்தால் ஒரு கை பார்க்க அவர் தயாராகவே இருந்தார். நாய் இல்லை என்று சொன்னோம். "அப்பொ பஸ்ஸு போயிருச்சுங்களா?" என்றார். பஸ்ஸும் போகவில்லை என்றோம். நம்மை மிகுந்த இரக்கத்தோடு ஒரு முறை பார்த்துவிட்டு அவர் தம் வழியே நடந்தார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. நமது நாட்டில் வயது வந்த மனிதன் ஓடுவதென்றால் அதற்குத் தக்க காரணம் இருக்க வேண்டும். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அஞ்சல் ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். மணி கட்டிய கோலைக் கையில் ஏந்தி அவர்கள் ஓடி வந்தால், வழியில் போகிறவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். 1951-ல் அந்த அஞ்சல் இலாகா இந்தியத் தபால் இலாகாவோடு சேர்ந்துவிட்டது. அவர்கள் ஓடியதற்குக் காரணம் தோளில் தொங்கிய கடிதப் பை. நமது தோளில் பை இல்லை. ஆயினும் நமக்கும் ஒரு காரணம் இருந்தது. அது இரத்தத்தில் இருந்தது.

நமது தொழில் வெல்ல வியாபாரக் கணக்கு எழுதுவது. காவிரிக் கரையில் ஜேடர்பாளையத்தைச் சுற்றிக் கரும்பு விளையாத ஊர் அபூர்வம். எங்கே திரும்பினாலும் ஆலைக் கொட்டகை; கொட்டகைக்கு மேலே புகை; காற்றில் பாகு கொதிக்கும் வாசனை. பிலிக்கல்பாளையத்து ஏலத்துக்குச் சிப்பம் சிப்பமாக வெல்லம் போய்ச் சேரும். இவ்வளவு வெல்லத்துக்கும் மத்தியில் இருபது வருஷம் உட்கார்ந்தே காலங் கழித்த நம்மை, நாற்பத்தாறாவது வயதில் வைத்தியர் சோதித்துப் பார்த்து, "சர்க்கரை வியாதி" என்றார். "இனி வெல்லத்தைக் கண்ணால் பார்க்கலாம், கணக்கும் எழுதலாம், வாயில் மட்டும் போடக் கூடாது" என்றார்.

இந்த விஷயத்தில் நமக்குத் துணைக்கு ஆள் பஞ்சமில்லை. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி, நம் தேசத்தில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. நமது தகப்பனாரும் அந்த வியாதியினால் ஒரு காலை இழந்து, பிறகு உயிரையும் இழந்தவர். ஆகையால் வைத்தியர் மாத்திரைச் சீட்டோடு, "தினம் நடவுங்கள், முடிந்தால் ஓடுங்கள்" என்று சொன்னபோது, நாம் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

* * *

ஓடுவதற்கு ராஜ வாய்க்கால் கரையைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. பரமத்தியை ஆண்ட அல்லாள இளைய நாயகர், காவிரியில் ஜேடர்பாளையத்தருகே அணை கட்டி இவ்வாய்க்காலை வெட்டுவித்தார் என்பது இப்பக்கத்தில் எல்லோரும் சொல்லும் வரலாறு. அவர் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோக நினைத்தார். நமக்கு ஓடுகளமும் சேர்ந்து கிடைத்தது. ஒரு பக்கம் ஓடும் நீர். மறு பக்கம் கரும்பு, வாழை, வெற்றிலைக் கொடிக்கால், கோரைப் பயிர். தலைக்கு மேல் தென்னை நிழல். காலடியில் மண்.

ஆனால் மண் பாதை தார் ரோட்டைப் போன்றதல்ல. தார் ரோட்டில் கால் ஒரே மாதிரி விழும். மனம் வேறெங்காவது போகலாம். மண் பாதையில் ஒவ்வோர் அடியும் ஒரு தீர்மானம். வேர், கல், வண்டித் தடம், எருமை மிதித்த பள்ளம் என்று ஏதேனும் வந்துகொண்டே இருக்கும். பார்வை நாலைந்து அடி முன்னால் இருக்க வேண்டும். அடி குறுகலாக இருக்க வேண்டும். இதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இரண்டு முறை விழுந்து தெரிந்துகொண்டோம்.

முதல் மாதம் இரண்டு தென்னை மரங்களுக்கு இடையே உள்ள தூரம் ஓடினால், அடுத்த நாலு மரங்களுக்கு நடப்போம். ஆறு மாதத்தில் பத்து கிலோமீட்டர் நிற்காமல் ஓட முடிந்தது. இதில் ஓர் இரகசியம் உண்டு: பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்திலேயே பெரும்பாலும் ஓட வேண்டும். பேச்சு அறுந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். பேசுவதற்கு ஆள் இல்லாதபடியால் நாம் கணக்கு வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டு ஓடினோம். புல்லுக்கட்டுப் பெரியவருக்கு நம்மீது இருந்த இரக்கம் இதனால் இன்னும் அதிகமாயிற்று.

* * *

செருக்கு எப்போது வந்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. வந்தது மட்டும் உண்மை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், மாத்திரையை விழுங்கிவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல், தனியாக, பதினைந்து கிலோமீட்டர் ஓடுவதென்று கிளம்பினோம். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் உடம்பு சில்லென்று வியர்த்தது. கைகள் நடுங்கின. வாய்க்கால் இரண்டாகத் தெரிந்தது. வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்பது மறந்துபோயிற்று. எதிரே புகை தெரிந்த ஆலைக் கொட்டகையை நோக்கி நடந்தோம் என்று பிறகு சொன்னார்கள். நமக்கு நினைவில்லை.

கொப்பரைக்குப் பக்கத்தில் சக்கை தள்ளிக்கொண்டிருந்த ஓர் அம்மாள்தான் முதலில் பார்த்திருக்கிறாள். அவளுடைய வீட்டுக்காரருக்கும் இதே வியாதியாம். அவளுக்கு வைத்திய சாஸ்திரம் தெரியாது. ஆனால் அந்த வியர்வையையும் நடுக்கத்தையும் தெரியும். "வாயத் தெறங்க சாமி" என்று ஒரு துண்டு வெல்லத்தை நமது வாயில் வைத்து, ஒரு சொம்புத் தண்ணீரும் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் வாய்க்கால் மறுபடியும் ஒன்றாயிற்று.

வைத்தியர் நம்மைக் கோபித்துக்கொண்டார், கோபித்துக்கொண்டே விளக்கினார். ஓடும்போது தசைகள் இன்ஸுலினை அதிகம் எதிர்பாராமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. ஓட்டம் நின்ற பிறகும் பல மணி நேரத்துக்கு உடம்பு இன்ஸுலினுக்கு நன்றாகச் செவி சாய்க்கிறது. வியாதிக்காரருக்கு ஓட்டம் நன்மை செய்வது இதனால்தான். ஆனால் சில மாத்திரைகள் உடம்பிலிருந்து இன்ஸுலினைப் பிழிந்து எடுப்பவை. அவற்றை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றில் நெடுந்தூரம் ஓடினால், இரண்டும் சேர்ந்து சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.

அவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். ஓடுமுன் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும். தனியாக நெடுந்தூரம் ஓடலாகாது. இடுப்பில் குளுகோஸ் இருக்க வேண்டும். நடுக்கம் வந்தால் நின்றுவிட வேண்டும்; 15 கிராம் சர்க்கரை சாப்பிட்டு, 15 நிமிஷம் காத்திருந்து, மறுபடி சோதிக்க வேண்டும். இவ்வளவும் சட்டமாயின. "வெல்லம் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டோம். "குளுகோஸ் விரைவாக வேலை செய்யும். அது இல்லாவிட்டால் வெல்லம் ஆகலாம். ஆனால் அது ஆபத்துக்கு மருந்து, வீட்டில் உட்கார்ந்து தின்னும்போது சர்க்கரைக்கும் வெல்லத்துக்கும் உமது இரத்தம் பேதம் பாராட்டாது" என்றார். வெல்ல ஊர்க்காரரான நமக்கு இது கசப்பான வார்த்தைதான்.

இன்னொரு விஷயத்திலும் அவர் நம்மோடு வழக்காடினார். வெறுங்காலால் ஓட வேண்டுமென்று நமக்கு ஓர் ஆசை. 1960-ல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபெபெ பிகிலா வெறுங்காலால் மாரத்தான் ஓடி வென்றார் அல்லவா? நம் தேசத்துச் சிவநாத் சிங்கும் வெறுங்காலால் ஓடிப் பெயர் பெற்றவர்தானே? 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிஷத்தில் அவர் ஓடிய மாரத்தான், பல பத்தாண்டுகள் தேசிய சாதனையாக நின்றது. இதையெல்லாம் எடுத்துச் சொன்னோம். வைத்தியர், "பிகிலா 1964-ல் டோக்கியோவில் பாதரட்சை அணிந்து முன்னைவிட விரைவாக ஓடி வென்றாரே, அது தெரியுமோ?" என்றார். நாம் விழித்தோம். "நீரிழிவுக்காரருக்குக் காலில் உணர்ச்சி குறையலாம். முள் தைத்தது தெரியாது. புண் வந்ததும் தெரியாது. உமது தகப்பனார் காலை இழந்தது எப்படி?" என்று கேட்டார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. அன்றே பாதரட்சை வாங்கினோம். ஓடி வந்ததும் இரு பாதங்களையும் விளக்கடியில் பார்ப்பது இப்போது நமக்குச் சந்தியாவந்தனம் மாதிரி.

* * *

தனியாக ஓடக் கூடாது என்ற சட்டத்தை வீட்டில் நம் மனைவியார் நிறைவேற்றி வைத்தார். கல்லூரியில் படிக்கும் நமது புதல்வி முதலில் சைக்கிளில் காவலாக வந்தாள். பிறகு சைக்கிளைத் தென்னை மரத்தில் சார்த்திவிட்டு அவளும் ஓடலானாள். நாங்கள் இருவருமாக மாதம் ஒரு முறை நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி போய், கொல்லிமலைப் பாதையில் ஏறினோம்.

அப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். மனித மனத்தைச் சோதிக்க இதைவிட நல்ல உபாயம் கிடையாது. மேட்டில் நடப்பது அவமானமல்ல என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டோம். செங்குத்தான ஏற்றத்தில் உலகத்துப் பெரிய ஓட்டக்காரர்களும் முழங்காலில் கை ஊன்றி நடக்கிறார்கள். உண்மையான தண்டனை இறக்கத்தில்தான். இறங்கும்போது முன் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசை இழைகளில் நுண்ணிய சேதம் உண்டாகிறது. வலி இரண்டாம் நாள் உச்சத்துக்கு வரும். ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளில் ஒரு முறை உற்சாகமாக ஓடி இறங்கினோம். மறு நாளும் அதற்கு மறு நாளும் கணக்கு மேஜைக்கு முன்னால் உட்கார இரண்டு பேர் நம்மைப் பிடித்துக்கொள்ள நேர்ந்தது.

காட்டுக்குள் இஷ்டம் போல் புகுந்து ஓட நாம் துணியவில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை யார் மறப்பார்? அந்த ஆண்டு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசாங்கம் 40 பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. மலை விளையாட்டுக்கு இடம் கொடுக்கும். அலட்சியத்துக்கு இடம் கொடாது.

உலகில் இந்த மலைப்பாதை ஓட்டப் பைத்தியம் பெருகிய கதையும் ருசிகரமானது. 1974-ல் கலிபோர்னியாவில், 100 மைல் குதிரைப் பந்தயமொன்றில் கோர்டி எயின்ஸ்லி என்பவர் குதிரையே இல்லாமல் காலால் ஓடி, 24 மணிக்குள் முடித்தார். ஐரோப்பாவில் மான் பிளாங்க் மலையைச் சுற்றி 2003 முதல் நடந்துவரும் ஓட்டம் சுமார் 170 கிலோமீட்டர். மூன்று தேசங்களின் வழியாகச் செல்கிறது. நமக்கு அதெல்லாம் சொப்பனத்திலும் வேண்டாம். நாம் தேர்ந்தெடுத்தது புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஆரோவில் மாரத்தான். 2008 முதல் நடந்து வருவது. வறண்ட செம்மண் மேட்டில் மனிதர் நட்டு வளர்த்த காட்டின் ஊடே ஓட வேண்டும். பரிசு கிடையாது. ஓடுவதன் ஆனந்தத்துக்காகவே ஓடுவது என்பதுதான் அதன் கொள்கை.

ஒரு பிப்ரவரி மாதத்து அதிகாலையில் நமது புதல்வியோடு அங்கே நின்றோம். பாதி மாரத்தான், 21.1 கிலோமீட்டர். செம்மண் குளிர்ந்திருந்தது. முந்திரித் தோப்பும் காடும் மாறி மாறி வந்தன. பத்தாவது கிலோமீட்டரில் நமக்கு வயது முப்பதென்று தோன்றிற்று. பதினேழாவதில் கை நடுங்கிற்று.

இன்னும் நாலு கிலோமீட்டர்தான். ஓடிவிடலாம் என்று மனம் சொல்லிற்று. புதல்வி ஒன்றும் சொல்லவில்லை. நம் முகத்தை மட்டும் பார்த்தாள். நாம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். குளுகோஸைக் கரைத்துக் குடித்தோம். 15 நிமிஷம். அந்த 15 நிமிஷத்தில் நம்மைக் கடந்து போனவர்களை எண்ணிக்கொண்டிருந்தோம். கணக்குப்பிள்ளை புத்தி எங்கே போகும்? ஒரு சிறு பையன் போனான். நம்மைவிட இருபது வயது மூத்த பாட்டியார் ஒருவர், "ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நூற்றுப் பதினொன்று வரை எண்ணினோம். பிறகு விரலைச் சோதித்து, எண் சரியாயிருந்ததும் எழுந்து ஓடினோம். முடிவுக் கோட்டில் நமக்குப் பின்னால் அதிகம் பேர் இல்லை.

ஓடத் தொடங்கியபோது ஒன்பதைத் தாண்டியிருந்த நமது மூன்று மாதச் சராசரி எண், இப்போது ஏழுக்குக் கீழே இருக்கிறது. வியாதி போய்விடவில்லை, கட்டுக்குள் நிற்கிறது. மாத்திரையும் நிற்கவில்லை. வாசகர்கள் ஓட விரும்பினால் முதலில் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளட்டும். பிறகு வீட்டிலிருந்து ஒருவரையாவது துணைக்கு அழைத்துக்கொள்ளட்டும்.

ஊர் திரும்பிய மறு நாள் ஆலைக் கொட்டகைக்குப் போனோம். அந்த அம்மாள் கொப்பரையருகே இருந்தாள். "எத்தனையாவதா வந்தீங்க சாமி?" என்று கேட்டாள். "கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், ஆத்தா" என்றோம். அவள் சிரித்துக்கொண்டே ஒரு துண்டு வெல்லத்தை நீட்டினாள். நாம் அதை வாங்கி, வாயில் போடாமல், இடுப்புப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டோம்.