வால் நட்சத்திரத்துக்கு நாள் குறித்த அம்மாள்

கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாம். வால் நட்சத்திரத்தின் வருகைக்கு நாள் குறிக்க முடியுமா? 1757-ஆம் வருஷம் பாரிஸ் நகரத்தில் மூன்று பேர் துணிந்து அதில் இறங்கினார்கள். ஒருவர் கிளெரோ என்ற கணித மேதை. இன்னொருவர் லலாந்து என்ற இளம் வானநூலார். மூன்றாமவர் ஒரு கடிகாரக்காரரின் மனைவி, நிக்கோல்-ரேன் லெபோத் அம்மாள்.

1682-இல் தோன்றிய வால் நட்சத்திரம் 1758 வாக்கில் திரும்பும் என்று சொல்லிவிட்டு ஹாலி கண்ணை மூடிவிட்டார். அது வராமற்போனால் நியூட்டனின் ஈர்ப்பு விதி மீதே சந்தேகம் விழும்!

சூரியன் மட்டும் இழுத்தால் கணக்கு சுலபம். வழியில் வியாழனும் சனியும் அல்லவா இழுக்கின்றன? தூரம் மாறினால் இழுப்பு மாறும். இழுப்பு மாறினால் பாதை மாறும். பாதை மாறினால் மறுபடியும் தூரம் மாறும். இந்தக் கணத்தில் வேகம் எப்படி மாறுகிறது என்பதை மட்டுமே சமன்பாடு சொல்லும். முழுப் பாதையையும் சொல்லும் சூத்திரம் கிடையாது. பிறகு என்னதான் செய்வது? இருட்டில் கைவிளக்குடன் போகிறவன் வெளிச்சம் விழும் மட்டும் ஓரடி வைத்து, அங்கிருந்து அடுத்த அடி வைக்கிறான், பாருங்கள், அப்படித்தான். பாதையைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் இழுப்பைக் கணக்கிட்டுக் கூட்டிக்கொண்டே போனார்கள். துண்டு சிறுத்தால் பிழை குறையும். ஆனால் வேலை மலையாகிவிடும்.

நூற்றைம்பது வருஷப் பாதையை இப்படி அளந்தார்கள்! ஆறு மாதத்துக்கு மேல் காலை முதல் இரவு வரை கணக்கு. சில நாள் சாப்பாட்டு மேஜையிலும் கணக்கு. கையில் இருந்ததோ பேனாவும் காகிதமும்தான். அம்மாள் இல்லாவிட்டால் இதைத் தொட்டிருக்கவே மாட்டோம் என்று லலாந்து பிற்பாடு எழுதினார்.

1758 நவம்பர் 14-ஆம் தேதி கிளெரோ முடிவை அறிவித்தார். வியாழனால் 518 நாள், சனியால் 100 நாள், ஆக 618 நாள் தாமதம். 1759 ஏப்ரல் நடுவில், ஒரு மாதம் முன்பின்னாக, அது சூரியனை நெருங்கும். (சனியின் பங்கு இவ்வளவு குறைவு என்றால் நம் ஜோசியர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்!)

அந்த டிசம்பர் 25 இரவு, டிரெஸ்டன் நகரின் அருகே பாலிட்ஸ் என்ற விவசாயி அதைக் கண்டுவிட்டார். சூரியனை அது நெருங்கியது மார்ச் 13. பிசகு ஒரு மாதம்தான். யுரேனஸ், நெப்டியூன் என்று இரு கிரகங்கள் இருப்பதே தெரியாத காலம் அது!

ஆனால், 1760-இல் கிளெரோ வெளியிட்ட புத்தகத்தில் அம்மாளின் பெயரைக் காணோம். உழைப்புக்கு இது நியாயமா? லலாந்துதான் அந்தப் பெயரை உலகத்துக்குச் சொன்னார். இன்று சந்திரனில் ஒரு பள்ளத்துக்கு லெபோத் என்று பெயர். வால் நட்சத்திரம் மறுபடி சூரியனை நெருங்கப் போவது 2061 ஜூலையில். கம்ப்யூட்டர் அந்தத் தேதியைக் கண்டதும் துண்டு துண்டாகக் கணக்கிட்டுத்தான்.