வில்லைச் சுற்றி அமர்வோம்

டில்லியிலும் மும்பையிலும் குடியேறிய தமிழர் ஊரை விட்டுப் பெயர்ந்தவர்கள். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைவீதியிலும் கரமனையிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களோ இருந்த இடத்திலேயே இருந்தன, எல்லைதான் பெயர்ந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்தன. திருவனந்தபுரம் புதிய கேரளத்தின் தலைநகராயிற்று. நிலத்தைப் பிரித்த அந்தக் கோடு பாட்டைப் பிரிக்கவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தார் வில்லுப்பாட்டு என்று போற்றும் கலையையே கேரளத்தார் வில்லடிச்சான் பாட்டு என்று வழங்குகின்றனர்.

இக்கலையின் அமைப்பைச் சிறிது காண்போம். நீண்டதொரு வில், அதில் இழுத்துக் கட்டிய நாண், வில்லின் உடலெங்கும் தொங்கும் மணிகள். வில்லைக் குடத்தின் மீது பொருத்தி வைப்பர். தலைமைப் பாடகர் இரு வீசுகோல்களால் நாணை அடித்துப் பாடுவார். குடத்தின் வாயை மட்டையால் தட்டுபவர் ஒருவர். உடுக்கை, தாளம், கட்டை ஆகியவற்றை இயக்குவோர் பிறர். ஆக, ஐந்தாறு பேர் கூடினாலன்றி வில்லுப்பாட்டு இல்லை. தனியே பாடி மகிழ்வதற்கு இக்கலை இடந்தராது.

ஆகவேதான் இதில் ஒத்திகை முதன்மை பெறுகிறது. ஒத்திகைக்கு மேடை வேண்டா. ஒரு வீட்டுத் திண்ணை போதும். தலைவர் ஓர் அடியைப் பாடுகிறார். உடனிருப்போர் அதனை ஏற்றுப் பாடுகின்றனர். பாட்டு நின்று கதை வசனமாக நடக்கும்போது அவர்கள் 'ஆமாம்' என்று ஒத்துரைக்கின்றனர். அந்த ஒரு சொல்லை நாம் எளிதாக எண்ணிவிடக் கூடாது. கதையை உணராதவன் அதைச் சொல்லத் தகுந்த இடத்தில் சொல்ல முடியாது. முதலில் 'ஆமாம்' மட்டும் சொல்லும் சிறுவன், நாளடைவில் இடையிலே கேள்வி கேட்கத் துணிவான். பின்பு ஓர் அடியைத் தானே எடுப்பான். பின்பாட்டு வரிசையே இக்கலையின் பள்ளிக்கூடம்.

கோயிற் கொடையில் பாடும்போது பூசையின் போக்கிற்கேற்பக் கதையை நீட்டவும் குறுக்கவும் வேண்டியிருக்கும். இந்தப் பக்குவத்தை ஏட்டிலிருந்து மட்டும் பெற இயலாது. பலமுறை கூடியிருந்து பாடியே பெற வேண்டும்.

பாடும் கதைகளும் இரு மாநிலத்தாருக்கும் உறவானவை. 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரின் படையை எதிர்த்துக் கணியாகுளத்தில் வீழ்ந்த வேணாட்டுத் தளபதியைப் பாடுவது இரவிக்குட்டிப் பிள்ளை போர். தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் இத்தகைய கதைப்பாடல்களைக் கேரளத்தார் 'தெக்கன் பாட்டுகள்' என்று தம் இலக்கியத்திலும் சேர்த்துப் போற்றுகின்றனர். நாகர்கோவிலிற் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் வில்லைச் சமூகச் சீர்திருத்தத்துக்கும் பயன்படுத்தினார். 2022-இல் மறைந்த சுப்பு ஆறுமுகம் மேடையிலும் வானொலியிலும் புதுக்கதைகளைப் பாடினார். ஆடவர் மிகுந்திருந்த இத்துறையில் தலைமை தாங்கிப் பாடிப் புகழ் பெற்ற பூங்கனி அம்மையார் 2018-இல் மறைந்தார்.

மூத்த குரல்கள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. அவற்றை ஒலிப்பதிவில் காக்கலாம். பதிவைக் கேட்பவர் எத்தனை பேராயினும் 'ஆமாம்' என்று உடன் சொல்லப் பழகாவிடில் பாட்டு அங்கேயே நின்றுவிடும். வெளி மாநிலத்தில் வளரும் நம் குழந்தைகளின் தமிழுக்கும் இதே நிலைதான். வீட்டில் பெரியோர் பேசுவதைக் கேட்கின்றனர். விடை வேறு மொழியில் வருகிறது.

ஆகவே நம் சங்கங்கள் ஆண்டுவிழாவுக்கு முந்திய வாரத்தில் மட்டும் ஒத்திகை கூட்டுவதோடு அமையாமல், மாதம் ஒருமுறையேனும் யாரேனும் ஒருவர் வீட்டில் கூடட்டும். வில் கிடைக்காவிடினும் குடமும் தாளமும் கிடைக்கும். ஒருவர் தம் ஊர்க் கதையைத் தொடங்கட்டும். பிள்ளைகள் பின்பாட்டில் அமரட்டும். அண்டை வீட்டு அன்பர்களையும் அழைப்போம். பாடி முடித்தபின் சுண்டலும் காப்பியும் பேச்சுமாகச் சிறிது நேரம் கழியட்டும். அப்பேச்சிலிருந்தே அடுத்த மாதத்துக் கதை பிறக்கும்.

வாழி பாடி முடிப்பது வில்லுப்பாட்டின் மரபு. பிறந்த ஊரையும் நமக்கு வாழ்வளிக்கும் ஊரையும் சேர்த்தே வாழ்த்துவோம்.