ஷெட்டில் கிடக்கும் அம்பாசிடரை எழுப்பும் முன்

"பதினைந்து வருஷம் ஆன வண்டியை உடைச்சுத்தான் ஆகணுமாமே?" பழைய கார் வைத்திருப்பவர்கள் எங்கே கூடினாலும் இந்தக் கேள்வி எழுகிறது. இந்தப் பயத்திலேயே தாத்தா வாங்கிய காரை எடைக்குப் போட்டவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காருக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. பத்து வருட டீசல் வண்டி, பதினைந்து வருட பெட்ரோல் வண்டி என்ற கணக்கு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் டெல்லி வட்டாரத்துக்குப் போட்ட உத்தரவிலிருந்து வந்தது. விருத்தாசலத்தில் கொட்டகைக்குள் நிற்கும் காருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நம் பக்கம் நடைமுறை வேறு. பதிவுக்காலமான 15 ஆண்டு முடிந்ததும் படிவம் 25-இல் விண்ணப்பித்து, பசுமை வரி கட்டி, மோட்டார் வாகன ஆய்வாளரிடம் வண்டியைக் காட்டினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். செலவுதான் ஏறியிருக்கிறது. 2022 ஏப்ரலில் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். தாமதத்துக்கு மாதக் கணக்கில் தனியாக உண்டு. விதிவிலக்கு அரசு வண்டிகளுக்கு: 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. ஆகவே, "கலெக்டர் ஆபீஸ் அம்பாசிடர், ஏலத்தில் எடுத்தது" என்று யாராவது விலை பேசினால், அது எப்போது தனியார் பெயருக்கு மாறியது என்பதை ஆர்.சி.யில் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

எஞ்சினை இறக்குவதற்கு முன் ஆர்.சி.யை எடுத்துப் படியுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொட்டகையில் கிடக்கும் கார் பெரும்பாலும் இறந்துபோனவர் பெயரில்தான் இருக்கும். வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் எல்லாம் தேவை. கார் துருப்பிடித்துக் கிடக்கும்வரை சும்மா இருக்கும் பங்காளிகள், அது பளபளவென்று வெளியே வந்த பிறகுதான் பங்கு கேட்பார்கள். இதை முதலிலேயே முடித்துக்கொள்வது நல்லது. எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் அந்தக் காலத்துப் பதிவு எண்ணாக இருந்தால், விவரங்கள் கணினியில் ஏறியிருக்கின்றனவா என்று வாகன் தளத்தில் தேடுங்கள். இல்லையென்றால் பதிவு செய்த அலுவலகத்தில் பழைய பதிவேட்டிலிருந்து ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அடுத்து ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிட வேண்டும். எஞ்சின் வேலையின் பெரிய முடிவு இந்த எண்ணில்தான் தொங்குகிறது.

உத்தர்பாராவில் 2014 வரை உருவான அம்பாசிடரின் பழைய பெட்ரோல் எஞ்சின் 1489 சி.சி. உள்ளது, பி.எம்.சி. நிறுவனத்தின் வடிவமைப்பு. சிலிண்டர் விட்டம் 73.025 மில்லிமீட்டர். பல வருடம் ஓடாமல் கிடந்தால் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக்குகள் 'ஜாம்' என்பது இதைத்தான். இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யப் பார்ப்பதுதான் இதில் மிக மோசமான வைத்தியம். ரிங் உடையும், சுவரில் கீறல் விழும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டீசலும் எண்ணெயும் கலந்து உள்ளே ஊற்றி, சில நாள் ஊறவிட்டுக் கையால் மெல்லத் திருப்பிப் பார்ப்பதுதான் முறை.

ஹெட்டைக் கழற்றியதும் சுவரில் எவ்வளவு தேய்மானம் என்று தெரிந்துவிடும். கொஞ்சம்தான் என்றால் லேத் பட்டறையில் ரீபோர் செய்து, பத்து, இருபது, முப்பது, நாற்பது 'தௌ' (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று ஏறிக்கொண்டே போகும் ஓவர்சைஸ் பிஸ்டனில் ஒன்றைப் போடலாம். முன்னால் இருந்தவர்கள் ஏற்கெனவே நாற்பதுவரை போர் போட்டிருந்தால்? அப்போதுதான் மெக்கானிக், "எதுக்குண்ணே செலவு? சென்னை புதுப்பேட்டைல முழு எஞ்சினே கிடைக்கும், தூக்கி வெச்சிரலாம்" என்பார். விலையில் அவர் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் பிளாக் மாறினால் எஞ்சின் எண் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, எஞ்சினை மாற்றப் பதிவு அலுவலரின் ஒப்புதல் வேண்டும். மாற்றத்தை 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் ஆறு மாதம்வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தம் சொல்கிறது. இதைவிடப் பெரிய நஷ்டம், விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் எஞ்சின் எண்ணைத் தேய்த்துப் பார்க்கும்போது காத்திருக்கிறது.

அந்தப் புதுப்பேட்டை எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பது இன்னொரு சிக்கல். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்ப இடமிருந்தோ வாங்கியிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவு வாங்கியவர் மேலும் பாயும். எஞ்சின் எண் எழுதிய பில், விற்றவரின் முகவரி, பழைய வண்டியின் ஆர்.சி. நகல், மூன்றும் இல்லாத எஞ்சினைத் தொடாதீர்கள். எண் இருக்கும் இடம் ராவப்பட்டிருந்தால் பேச்சையே நிறுத்திவிடுங்கள்.

இதற்கு மாற்று, ஸ்லீவ் போடுவது. தேய்ந்த சிலிண்டருக்குள் வார்ப்பிரும்புக் குழாயை அழுத்தி இறக்கி, மறுபடி 73.025-க்கே கடைந்துவிடுவார்கள். பிளாக்கும் எண்ணும் அப்படியே இருக்கும். ஸ்டாண்டர்ட் பிஸ்டனே பொருந்தும். கூலி அதிகம்தான். ஆனால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் அலைச்சலையும் ஒரு செலவாகக் கணக்கெழுதினால் ஸ்லீவ்தான் மலிவு என்பது என் கணிப்பு.

வண்டி 50 ஆண்டு தாண்டியதாக இருந்தால் இந்த முடிவுக்குக் கனம் இன்னும் கூடும். சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, முதல் தலைமுறை அம்பாசிடர்கள் எல்லாம் இந்த வயதுக்கு வந்துவிட்டன. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் விதிகளின்படி இவற்றைத் தனிப் பிரிவில் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும்; புது எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது தவிர அன்றாடம் ஓட்ட முடியாது. பெண்ணாடம் கல்யாணத்துக்கு வாடகைக்கு அனுப்பவே முடியாது. வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது என்று விதி சொல்கிறது. டீசல் எஞ்சின் ஏற்றிய பழைய பெட்ரோல் கார் இதில் நுழைவது கடினம். அதே பிளாக்கில் செய்த பழுதுதான் என்று காட்ட, கழற்றும்போதும் பூட்டும்போதும் எடுத்த படங்களும் பில்களும் கையில் இருக்க வேண்டும்.

இனி, வேலை செய்பவரின் உடம்பு. பீங்கான் தொழில் நடக்கும் விருத்தாசலத்துக்காரர்களுக்குத் தூசியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. களிமண்ணும் குவார்ட்ஸும் அரைக்கும் இடத்தில் சிலிக்கா நுரையீரலை என்ன செய்யும் என்பது தொழிற்பேட்டையில் வேலை பார்த்த குடும்பங்களுக்குத் தெரியும். ஆனால் அதே ஊரில், வீட்டுக் கொட்டகையில் காற்றுக் குழாயைப் பிடித்துப் பழைய கிளட்சை ஊதும்போது யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. அந்தக் காலத்துக் கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், செப்புத் தகட்டுக்கு நடுவே வைத்த ஹெட் கேஸ்கட் ஆகியவற்றில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருக்க வாய்ப்பு அதிகம். அதன் இழை கண்ணுக்குத் தெரியாது. நோய் வெளிப்பட இருபது முப்பது ஆண்டுகூட ஆகும். உச்ச நீதிமன்றம் 1995-இல், கல்நார்த் தொழிலாளர் வழக்கில், உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று சொன்னதோடு அவர்களின் மருத்துவப் பதிவுகளை 40 ஆண்டு வைத்திருக்கச் சொன்னதும் இந்தத் தாமதத்தால்தான். வீட்டில் வேலை செய்பவருக்கு அப்படி யாரும் பதிவேடு வைப்பதில்லை. ஊதாதீர்கள், உலர்ந்த பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து, துணியோடு பையில் கட்டிவிடுங்கள். கழுத்துத் துண்டை மூக்கில் சுற்றுவது போதாது. நுண்தூசி தடுக்கும் முகமூடி வேண்டும். மணல் பீய்ச்சித் துருவெடுப்பதை வீட்டில் செய்யவே வேண்டாம்.

பிஸ்டன் தலையில் படிந்த கரியையும் இப்படித்தான் நடத்த வேண்டும். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நின்றது. அதற்கு முன் மூடிக் கிடந்த எஞ்சினின் கரியில் ஈயம் இருக்கும். வேலை செய்த உடுப்போடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

பாகங்களைப் பெட்ரோலில் கழுவும் பழக்கம் பட்டறைகளில் இன்னும் போகவில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு ஊர்ந்து அடுத்த அறையின் அடுப்புவரை போகும். டீசலிலேயே கழுவலாம். வீட்டில் எவ்வளவு பெட்ரோல் வைக்கலாம் என்பதற்கும் சட்டம் உண்டு. 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு இல்லையென்றால் உரிமமின்றி மொத்தம் 30 லிட்டர்; உலோகக் கலன் 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது; கண்ணாடி, பீங்கான் ஜாடி என்றால் ஒரு லிட்டர்தான். (நம் ஊர் ஜாடியையும் சட்டம் எழுதியவர்கள் மறக்கவில்லை.) பிளாஸ்டிக் கேன் இந்தப் பட்டியலிலேயே இல்லை.

எஞ்சினைத் தூக்கும் செயின் பிளாக்கைக் கொட்டகை உத்தரத்திலோ முருங்கை மரத்திலோ மாட்டுகிறார்கள். எடையைத் தாங்கும் இரும்புத் தாங்கி வாடகைக்குக் கிடைக்கும். தொங்கும் எஞ்சினுக்குக் கீழே கை, கால் எதுவும் போகக் கூடாது. உதவிக்கு வரும் 'பையன்' பதினான்கு வயதுக்குக் கீழே என்றால், எந்த வேலையிலும் அமர்த்துவது குற்றம். முதல் ஸ்டார்ட்டைக் கதவடைத்த ஷெட்டில் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. வடித்த கழிவு எண்ணெய் 2016 விதிகளின்படி அபாயக் கழிவு. சாக்கடையிலோ மணிமுத்தாற்றங்கரையிலோ கொட்டவும், எரிக்கவும் கூடாது. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேரும்படி கொடுக்க வேண்டும்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய எரிபொருள் பம்பின் டயாஃப்ரமும் ரப்பர் குழாயும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை உப்பி, வெடித்து, சூடான மேனிஃபோல்டில் பெட்ரோல் சொட்டினால் தீ. எஞ்சின் கீழே இருக்கும்போதே எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றிவிடுங்கள், டேங்கையும் கழுவிவிடுங்கள். எத்தனால் பல வருடக் கசடைக் கரைத்துக் கார்புரேட்டரில் கொண்டுவந்து அடைக்கும்.

ரீபோர் செய்த எஞ்சின் நூறு கிலோமீட்டரில் மறுபடி ஜாம் ஆனால் என்ன செய்வது? கூலி வாங்கிச் செய்த வேலை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைதான். பட்டறை சின்னது என்பது விலக்கல்ல. ஆனால் பட்டறைக்காரர், "போர் சரியாத்தான் இருந்தது சார், நீங்க பூட்டினதுதான் தப்பு" என்பார். வீட்டில் நீங்களே பூட்டியிருந்தால் அந்த வாதத்துக்கு வலுவும் இருக்கும். ஆகவே பிளாக்கைத் திரும்ப வாங்கும்போதே, அவர் முன்னிலையில் போர் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரையும் அளந்து, எந்த பிஸ்டனுக்கு எத்தனை தௌ இடைவெளி என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கிராங்க் கிரைண்டிங்குக்கும் இதே. துண்டுச் சீட்டில் கூட்டல் மட்டும் போட்டுத் தருபவரிடம் வேலை கொடுக்காமல் இருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

கோளாறு வந்ததும் எஞ்சினைப் பிரித்து 'சரி' செய்துவிடாதீர்கள், சாட்சி அழிந்துவிடும். படம் எடுத்து, கழற்றிய பிஸ்டனையும் பேரிங்கையும் பெட்டிகளோடு வைத்துக்கொண்டு, ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய உதவி எண்; அதிலும் தீராவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பட்டறை சென்னையிலோ கோவையிலோ இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய்வரை கொடுத்த வேலைக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, கால வரம்பு இரண்டு ஆண்டு. பாகத்தைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லி ஆணையத்திடமே கேட்கலாம்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பதிவு புதுப்பிக்காத, இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை "ஒரு ரவுண்டு மட்டும்" என்று ஊருக்குள் பாலக்கரைப் பக்கம் எடுத்துப்போகும் ஆசை வரும். அந்த ஒரு ரவுண்டில் யார் மேலாவது இடித்தால் இழப்பீடு முழுவதும் உரிமையாளர் கையிலிருந்து போகும். உரிமையாளர் என்றால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. வண்டியை வாய்ப் பேச்சில் விற்றுவிட்டேன் என்பது எடுபடாது. மூன்றாம் நபர் காப்பீட்டை முதலில் எடுங்கள். ஆய்வுக்கு வண்டியை லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.