அனுமதியும் அதன் எல்லையும்: பல்கலைக்கழகக் கணிப்பொறி விதிகள் குறித்து

பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவருக்கு நூலக அட்டையோடு ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இன்று வழங்கப்படுகின்றன. அவற்றைப் பெறுமுன் சில விதிகளுக்கு அவர் உடன்பட வேண்டும். கடவுச்சொல்லைப் பிறருக்குக் கொடுத்தல், பிறருடைய கோப்புகளை அவரறியாமல் திறத்தல், கல்விக்கென உரிமம் பெற்ற மென்பொருளைப் படியெடுத்து வெளியாருக்கு வழங்குதல், பொதுக் கணிப்பொறிகளைச் சொந்த வணிகத்திற்குப் பயன்படுத்துதல் ஆகியவை அவ்விதிகளில் விலக்கப்பட்டிருக்கும். இவற்றை மறுப்பார் எவருமிலர். ஊன்றி வாசிப்பாரும் அரியர். விதி மீறப்படும் நாளில்தான் அதன் சொற்கள் நிறுத்துப் பார்க்கப்படுகின்றன. அப்போது இரண்டு வினாக்கள் எழுகின்றன. பயன்படுத்தலாம் என்று தரப்பட்ட அனுமதி எதுவரை செல்லும்? எல்லையைக் கடந்தவரை விசாரித்துத் திருத்தும் பொறுப்பு யாருடையது, பல்கலைக்கழகத்தினுடையதா, நீதிமன்றத்தினுடையதா? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இவ்வினாக்களைக் கூர்மையாக எழுப்பிய மூன்று வழக்குகளை நாம் வரிசையாக நோக்குவோம்.

1. கார்னெல், 1988

1988-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், கார்னெல் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு ஆய்வு மாணவராயிருந்த ராபர்ட் டாப்பன் மாரிஸ் தாம் எழுதிய நிரலொன்றை இணையத்தில் விடுத்தார். அது கார்னெலிலிருந்து புறப்பட்டதென்பது தெரியாதிருக்க, எம்.ஐ.டி. எனச் சுருக்கமாக வழங்கும் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் கணிப்பொறியொன்றை அதற்கு வாயிலாகக் கொண்டார். அந்நிரல் தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டு கணிப்பொறி விட்டுக் கணிப்பொறி சென்றது. ஆகவே ‘புழு’ எனப் பெயர்பெற்றது. அஞ்சல் நிரலிலும், பயனரைப் பற்றிய விவரம் தரும் நிரலிலும் இருந்த பிழைகளை அது பயன்படுத்தியது. எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்களை முயன்று பார்த்தது. இவையன்றி, ஒரு கணிப்பொறி கடவுச்சொல் கேளாமலே உள்ளே விடும் ‘நம்பத்தக்க’ கணிப்பொறிகளின் பட்டியலையும் அது தனக்கு வழியாக்கிக்கொண்டது. அறிஞர் ஒருவரையொருவர் நம்பியதன் பொருட்டுத் திறந்து வைத்த கதவு அது.

புழு எந்தக் கோப்பையும் அழிக்கவில்லை. எனினும் ஒரே கணிப்பொறியில் திரும்பத் திரும்பப் புகுந்ததால் கணிப்பொறிகள் செயலிழந்து நின்றன. அந்நாளில் இணையத்தில் இருந்த ஏறத்தாழ 60,000 கணிப்பொறிகளில் 6,000 வரை பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது.

கார்னெல் பல்கலைக்கழகம் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. 1989-இல் வெளிவந்த அதன் அறிக்கையில் நம் கவனத்திற்குரிய செய்தியொன்று உண்டு. கணிப்பொறித் துறையின் விதிகள் விளக்கப்பட்ட அறிமுகக் கூட்டங்களுக்கு மாரிஸ் வரவில்லை எனத் தோன்றுகிறது. ஆயினும் விதிகளின் படியொன்று அவரிடம் கொடுக்கப்பட்டிருந்தது. காவல் குறைவை எடுத்துக்காட்டியதால் அவர் செய்தது தொண்டே என்ற வாதத்தையும் குழு ஏற்கவில்லை. அறிஞர் சமூகம் தன்னைக் காத்துக்கொள்ள வானளாவிய மதில்களை எழுப்ப வேண்டிய நிலை வரலாகாது. அம்மதில்கள் அறிவின் போக்குவரத்தையே தடுத்துவிடும் என்பது குழுவின் கருத்து. பல்கலைக்கழகம் மாரிஸை இடைநீக்கம் செய்தது.

வழக்கு நீதிமன்றத்திற்கும் சென்றது. 1986-ஆம் ஆண்டின் கணிப்பொறி மோசடிச் சட்டத்தின்கீழ் 1990-இல் அவர் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூகப் பணி, 10,050 டாலர் அபராதம் ஆகியவை விதிக்கப்பட்டன. சிறைத்தண்டனை இல்லை. பல கணிப்பொறிகளில் தமக்கு அனுமதி இருந்ததென்றும், அதன் எல்லையை மட்டுமே தாம் கடந்ததாகவும் அவர் வாதாடினார். 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதனை மறுத்தது. எந்த நோக்கத்திற்காக ஒரு நிரல் அமைக்கப்பட்டதோ அந்நோக்கத்திற்கு அவர் அதனைப் பயன்படுத்தவில்லை என்பது அது காட்டிய காரணங்களுள் ஒன்று. பின்னர் மாரிஸ் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, எம்.ஐ.டி.யிலேயே பேராசிரியரானார். தண்டனை அவருக்கு மீளும் வழியை அடைக்கவில்லை.

2. மென்பொருளும் உரிமமும், 1994

இரண்டாவது வழக்கு மென்பொருளைப் பற்றியது. பல்கலைக்கழகம் ஒரு மென்பொருளுக்குப் பணம் செலுத்தும்போது பெரும்பாலும் அது பெறுவது உடைமையுரிமை அன்று. குறித்த மக்கள், குறித்த நோக்கத்திற்காக அதனைப் பயன்படுத்தும் உரிமையே. மாணவர் ஒருவர் அதைப் படியெடுத்து வழங்கினால், தம்மிடம் இல்லாததைக் கொடுத்தவராகிறார்.

1994 ஏப்ரலில் எம்.ஐ.டி. மாணவர் ஒருவர்மீது குற்றச்சாட்டு பதிவாயிற்று. வளாகத்தின் கணிப்பொறிகளில் அவர் ஒரு பரிமாற்றத் தளத்தை அமைத்து, விலையுள்ள மென்பொருள்களைப் பலரும் இலவசமாக எடுத்துக்கொள்ள இடமளித்தார் என்பதும், இழப்பு பத்து இலட்சம் டாலருக்கு மேற்பட்டது என்பதும் குற்றச்சாட்டு. அவர் இதனால் ஒரு காசும் ஈட்டவில்லை. ஆதாயத்திற்காகச் செய்தாலன்றிப் பதிப்புரிமை மீறல் குற்றமாகாது என்பது அன்றைய சட்டம். ஆதலால் அரசு வேறொரு மோசடிச் சட்டத்தைக் கையாண்டது. அச்சட்டத்தை அவ்வளவு தூரம் நீட்டலாகாதெனக் கூறி, அவ்வாண்டு டிசம்பரில் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். எனினும் குற்றச்சாட்டில் கண்டபடி நடந்திருப்பின் அச்செயல் பொறுப்பற்றதே என்று கண்டிக்கவும் அவர் தவறவில்லை. 1997-இல் புதிய சட்டமொன்று இயற்றப்பட்டு இவ்விடைவெளி அடைக்கப்பட்டது.

இதனின்று நாம் அறிவது யாது? சட்டம் மௌனமாயிருப்பதால் ஒரு செயல் தகுதியுடையதாகிவிடாது. நீதிமன்றம் தண்டிக்க இயலாததையும் பல்கலைக்கழகம் தன் விதியால் தடுக்கலாம்; தடுக்கவும் வேண்டும்.

3. எம்.ஐ.டி., 2010 முதல் 2013 வரை

மூன்றாவது வழக்கு துயரமானது. ஹார்வர்டில் ஆய்வுநிலையில் இருந்த ஆரன் ஸ்வார்ட்ஸ், 2010-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், எம்.ஐ.டி. வலையமைப்பின் வழியாக ஜேஸ்டோர் என்னும் ஆய்விதழ்க் களஞ்சியத்திலிருந்து பல இலட்சம் கட்டுரைகளைத் தானியங்கி நிரலால் இறக்கிக்கொண்டார். அவர் அங்கு மாணவரல்லர். எனினும் அந்நாளில் வளாகத்திற்கு வரும் விருந்தினர் எவரும் வலையமைப்பில் இணைய முடிந்தது. இணைந்தவர் ஜேஸ்டோரை வாசிக்க முடிந்தது. இதுவே அன்று அந்நிறுவனத்தின் தாராளமான வழக்கமாயிருந்தது. அவருடைய இணைப்பு துண்டிக்கப்பட்டபோது தம் கணிப்பொறியின் அடையாள எண்களை மாற்றி அவர் மீண்டும் நுழைந்தார். பின்னர் கம்பியிணைப்புகள் உள்ள ஒரு சிற்றறையில் அதனை மறைத்து வைத்தார். 2011 ஜனவரியில் கைதானார்.

ஜேஸ்டோர் அவரோடு உடன்பாடு செய்துகொண்டு விலகிற்று. அரசு வழக்கோ வளர்ந்து, 2012-இல் 13 குற்றச்சாட்டுகளாயிற்று. எம்.ஐ.டி. தான் நடுநிலை வகிப்பதாகக் கூறியது. 2013 ஜனவரி 11-ஆம் நாள், வழக்கு விசாரணைக்கு வருமுன்னரே, 26 வயதில் ஸ்வார்ட்ஸ் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒருவர் ஏன் அம்முடிவை எடுத்தார் என்று வெளியிலிருந்து தீர்ப்புக்கூற நாம் துணியோம்.

பேராசிரியர் ஹால் ஏபல்சன் தலைமையில் எம்.ஐ.டி. அமைத்த குழு, அவ்வாண்டு ஜூலையில் தன் அறிக்கையை வெளியிட்டது. நிறுவனம் வழக்கைத் தூண்டவில்லை என்பது அதன் முடிவு. ஆயினும் அவ்வறிக்கை சுட்டிய ஒரு குறை மிக முக்கியமானது. ஸ்வார்ட்ஸின் நுழைவு அனுமதி பெற்றதா, பெறாததா என்று அரசுத் தரப்போ எதிர்த்தரப்போ எம்.ஐ.டி.யைக் கேட்கவில்லை, எம்.ஐ.டி.யும் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கதவைத் திறந்து வைத்தவரே அதன் பொருளைச் சொல்லாதபோது, அதனைச் சொல்லும் உரிமை அரசு வழக்கறிஞரின் கைக்குப் போயிற்று.

4. வீட்டு விதியும் நாட்டுச் சட்டமும்

இம்மூன்று வழக்குகளும் ஓர் உண்மையைக் காட்டுகின்றன. பயன்பாட்டு விதி வேறு, குற்றவியல் சட்டம் வேறு. 2021 ஜூன் 3-ஆம் நாள் வான் பியூரன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இவ்வேறுபாட்டை வற்புறுத்தியது. தமக்குத் திறந்துள்ள தகவலை ஒருவர் தகாத நோக்கத்திற்கு எடுப்பது, 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதியின் எல்லையைக் கடப்பதாகாது. தமக்கு அடைக்கப்பட்ட பகுதிக்குள் நுழைவதே அவ்வாறாகும் எனத் தீர்ப்பாயிற்று. இல்லாவிடில் அலுவலகக் கணிப்பொறியில் சொந்த மடல் எழுதுவோரும் குற்றவாளியாக நேரிடுமே என்பதை நீதிமன்றம் கருத்திற்கொண்டது.

நம் நாட்டிலும் இவ்வினா தொலைவிலில்லை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43-ஆம் பிரிவில், உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றிக் கணிப்பொறியை அணுகுவதைக் குறிப்பிடுகிறது. அதனையே நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தால், 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஆகவே கல்லூரியொன்றின் பொறுப்பாளர் எதை அனுமதித்தார் என்பது மாணவரின் எதிர்காலத்தையே தீர்மானிக்கக்கூடும்.

வாசகருட் பலர் கல்லூரிகளையும் விடுதிகளையும் நிர்வகிப்பவர். மாணவராயுள்ளோர் நாளை அப்பொறுப்பை ஏற்பவர். விதி வகுக்கும்போது நான்கு காரியங்களை நாம் மனத்திற்கொள்வது நலம். முதலாவது, விலக்குகளை அடுக்குமுன் கணிப்பொறி எந்நோக்கத்திற்காக வைக்கப்பட்டுள்ளதென்று விதி கூறவேண்டும்; எழுதப்படாத சூழ்நிலையில் வழிகாட்டுவது அந்நோக்கமே. இரண்டாவது, ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பதென்று மாணவர் அறிந்திருக்க வேண்டும். மூன்றாவது, விதி இருபுறமும் கட்ட வேண்டும். மாணவரின் மடல்களையும் கோப்புகளையும் நிர்வாகம் எப்போது, யாருடைய ஆணையின்பேரில் பார்க்கலாம் என்பதும் எழுதப்பட வேண்டும். நான்காவது, மீறல் நிகழ்ந்தால் அதனை முதலில் கல்லூரியே விசாரித்து, எச்சரிக்கை முதல் இடைநீக்கம் வரை தகுந்த தண்டனையை வழங்கும் முறை இருக்க வேண்டும். பிறருக்குப் பெருங்கேடு நேர்ந்தவிடத்துச் சட்டத்தை நாடுவது தவிர்க்கவியலாதது. அவ்வாறு நாடியபின்னரும், தான் தந்த அனுமதியின் பொருள் இன்னதென நீதிமன்றத்தின்முன் எடுத்துரைப்பது அனுமதி தந்தவரின் கடமையாகவே நிற்கிறது.