ஓசூர்ல இருந்து சாண்டோரினி: எவ்வளவு செலவாகும், எந்தப் பணத்தை எப்போ கட்டணும்?

வெள்ளை வெள்ளையா வீடுங்க, நீலக் குவிமாடம், கீழே ஆழமான கடல். ரீல்ஸ்ல இந்தக் காட்சியைப் பார்க்காதவங்க ரொம்பக் கம்மி. அதுதான் கிரீஸ் நாட்டுல இருக்கிற சாண்டோரினி தீவு. பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு பெரிய எரிமலை வெடிச்சு, நடுப்பகுதி கடலுக்குள்ள இறங்கினதால உண்டான பிறை வடிவத் தீவு.

ஓசூர் சிப்காட்லயோ பர்கூர் பக்கமோ கணவன் மனைவி ரெண்டு பேரும் வேலை பார்க்கிற ஒரு குடும்பத்துக்கு இது எட்டுமா? எட்டும். ஆனா மொத்தச் செலவு எவ்வளவுங்கிறதை விட ரெண்டு கேள்வி முக்கியம். ஒண்ணு, பணத்தைப் போறதுக்கு முன்னாடி சேர்க்கப் போறீங்களா, இல்ல வந்த பிறகு கட்டப் போறீங்களா? ரெண்டு, எந்தப் பணத்தை எந்த வரிசையில கட்டப் போறீங்க? இந்த ரெண்டுலயும் கோட்டை விட்டா லட்சக்கணக்கில் போகும்.

முதல்ல மொத்தக் கணக்கு

ரெண்டு பேர், ஏழு இரவு (ஏதென்ஸ் 3, சாண்டோரினி 4), ஒரு யூரோ 100 ரூபாய்னு வச்சுப்போம். விசா கட்டணமும் தீவு வரியும் அரசு நிர்ணயிச்சது. மத்ததெல்லாம் நம்ம கணக்குக்கு எடுத்துக்கிட்ட தொகை. நீங்க போற மாசத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க.

- பெங்களூரு - ஏதென்ஸ் போக வர விமானம்: 1,30,000
- ஷெங்கன் விசா, சர்வீஸ் சார்ஜ், டிராவல் இன்சூரன்ஸ்: 23,000
- ஏதென்ஸ் துறைமுகம் பிரேயஸ்ல இருந்து தீவுக்குக் கப்பல், போக வர: 24,000
- ஹோட்டல் (சாண்டோரினி ஒரு இரவுக்கு 150 யூரோ, ஏதென்ஸ் 90 யூரோ): 87,000
- தங்கும் வரி: 3,500
- சாப்பாடு, பஸ், நுழைவுச் சீட்டு: 56,000
- ஓசூர் - ஏர்போர்ட் கேப், சில்லறைச் செலவு: 10,000

கூட்டினா 3,33,500. கைமீறிப் போறதுக்கு 10% சேர்த்தா, ரவுண்டா 3,70,000 ரூபாய்.

தங்கும் வரி பத்தி ஒரு வார்த்தை. கிரீஸ்ல இதை காலநிலைக் கட்டணம்னு சொல்றாங்க. 2025 நிலவரப்படி ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் 3 ஸ்டார் ஹோட்டல்னா ஒரு அறைக்கு ஒரு இரவுக்கு 5 யூரோ, 5 ஸ்டார்னா 15 யூரோ. ஆன்லைன்ல புக் பண்ணும்போது இது பெரும்பாலும் சேராது, ஹோட்டல்லதான் கேட்பாங்க.

லோன் போட்டுப் போனா என்ன ஆகும்?

"இப்போ போங்க, அப்புறம் கட்டுங்க"னு டிராவல் லோன் விளம்பரம் நிறைய வருது. 3,70,000 ரூபாயை 14% வட்டியில 36 மாசத்துக்கு வாங்கினா, இஎம்ஐ சுமார் 12,650. மூணு வருஷத்துல நீங்க கட்டுறது 4,55,000. வட்டி மட்டுமே 85,000.

இதையே திருப்பிப் போடுங்க. 6.5% வட்டி தர்ற ஆர்டியில மாசம் 14,400 வீதம் 24 மாசம் போட்டா, அதே 3,70,000 கையில இருக்கும். உங்க பாக்கெட்ல இருந்து போனது 3,45,600 மட்டும்தான். ரெண்டுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 1,09,000 ரூபாய். அதே தீவு, அதே சூரிய அஸ்தமனம், விலை மட்டும் வேற.

"ரெண்டு வருஷத்துல யூரோ ஏறிடுமே?" நியாயமான கேள்விதான். 2025 தொடக்கத்துல 90 ரூபாய்க்குக் கீழ இருந்த யூரோ, அந்த வருஷக் கடைசியில 100-ஐத் தாண்டிடுச்சு. ஆனா நம்ம கணக்குல யூரோவுல கட்டுறது சுமார் 1,90,000 ரூபாய்தான். யூரோ 10% ஏறினாலும் கூடுதல் செலவு 19,000. விமான டிக்கெட்டும் கொஞ்சம் ஏறினாக்கூட லோன் வட்டியை விடக் கம்மிதான்.

இன்னொரு விஷயம். ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்து கையில 75,000 வருது, ஏற்கெனவே வீட்டு மனைக்கோ வீட்டுக்கோ 20,000 இஎம்ஐ போகுதுன்னு வைங்க. இந்த லோனையும் சேர்த்தா 32,650. சம்பளத்துல 43% கடனுக்கே போயிடும். ஆர்டர் குறைஞ்சு ஓவர்டைம் நின்னு போற மாசம் எப்படி இருக்கும்னு ஷிப்ட் வேலை பார்க்கிறவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆர்டியை அந்த மாசம் நிறுத்தலாம். இஎம்ஐயை நிறுத்த முடியாது.

எந்தப் பணத்தை முதல்ல கட்டணும்?

நிறைய பேர் ஆஃபர்ல விமான டிக்கெட் கிடைக்குதுன்னு முதல்ல அதை வாங்கிடுறாங்க. இதுதான் ஆபத்து. 2024-ல இந்தியாவுல இருந்து சுமார் 11 லட்சம் ஷெங்கன் விசா விண்ணப்பம் போச்சு. அதுல ஏறக்குறைய 15% நிராகரிக்கப்பட்டது. பெரியவங்களுக்கு 90 யூரோ கட்டணம், விசா கிடைக்கலைன்னாலும் திரும்ப வராது. அது கூட ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்டும் போனா, வீட்டை விட்டுக் கிளம்பாமலே ஒன்றரை லட்சம் காலி.

அதனால வரிசை இப்படி இருக்கட்டும்:

1. பாஸ்போர்ட்: திரும்பி வர்ற நாளுக்குப் பிறகும் குறைஞ்சது 3 மாசம் செல்லுபடியாகணும், 2 வெற்றுப் பக்கம் இருக்கணும்.
2. ஹோட்டல்: கட்டணமில்லாம ரத்து பண்ணக்கூடிய புக்கிங் மட்டும்.
3. விமானம்: ரிசர்வேஷன் மட்டும், இல்லேன்னா முழு ரீஃபண்ட் டிக்கெட்.
4. இன்சூரன்ஸ்: மருத்துவச் செலவுக்குக் குறைஞ்சது 30,000 யூரோ கவர் கட்டாயம்.
5. விசா விண்ணப்பம்: பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியே கொடுக்கலாம், குறைஞ்சது 15 நாள் முன்னாடி கொடுத்தாகணும். கடைசி நேரம் வரை காத்திருக்காதீங்க.
6. விசா கைக்கு வந்த பிறகுதான் டிக்கெட், கப்பல், மீதிப் பணம்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு மூணு குறிப்பு. பக்கத்துல இருக்கிறது பெங்களூரு, ஆனா உங்க முகவரி தமிழ்நாடு. எந்த மையத்துல விண்ணப்பிக்கணும்னு முதல்லயே கேட்டுக்குங்க. காண்ட்ராக்ட் ஏஜென்சி மூலமா வேலை பார்க்கிறவங்க, சம்பளச் சீட்டும் லீவு அனுமதிக் கடிதமும் ஏஜென்சிகிட்ட முன்கூட்டியே வாங்கி வைங்க. மூணாவது, விசாவுக்காக தெரிஞ்சவங்ககிட்ட ரெண்டு லட்சம் வாங்கி திடீர்னு அக்கவுண்ட்ல போடாதீங்க. மாசம் மாசம் ஆர்டிக்குப் பணம் போற ஸ்டேட்மென்ட்டே உங்களுக்கு நல்ல சாட்சி.

பேக்கேஜா, நாமளே புக் பண்ணலாமா?

வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினா டிசிஎஸ் பிடிப்பாங்க. 2025-26 நிதியாண்டுல 10 லட்சம் வரைக்கும் 5%. 3,70,000 பேக்கேஜுக்கு 18,500 ரூபாய். 2026 பட்ஜெட்ல இதை 2% ஆக்குறதா அறிவிச்சாங்க. இது செலவு இல்லை, வருமான வரி ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். ஆனா ரிட்டர்னே போடாதவங்களுக்கு அது போனதுதான்.

அங்கே போய் சாதாரண கிரெடிட் கார்டு தேய்ச்சா, பல கார்டுகள்ல 3.5% மார்க்கப், அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி. மொத்தம் 4.13%. ஒரு லட்சத்துக்கு 4,130 ரூபாய். ஃபாரெக்ஸ் கார்டையும் மார்க்கப் இல்லாத கார்டையும் ஒப்பிட்டுப் பாருங்க. கடையில மெஷின் "ரூபாயா, யூரோவா?"னு கேட்டா யூரோன்னே அழுத்துங்க. ரூபாய்னு அழுத்தினா அவங்க வச்ச ரேட்தான்.

எந்த மாசம், எங்கே தங்கறது?

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். கூட்டமும் விலையும் உச்சத்துல இருக்கும், பலத்த காத்துல கப்பலும் தாமதமாகும். மே மாசம், இல்லேன்னா செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம் நல்லது. நவம்பர்ல நிறைய ஹோட்டலை மூடிடுவாங்க.

ஓயா, ஃபிரா ஊர்கள்ல மலை விளிம்புல கடலைப் பார்த்த அறைங்கதான் விலை அதிகம். கமாரி, பெரிசா பக்கம் கருமணல் கடற்கரையில தங்கினா கம்மி. ஃபிரா பஸ் ஸ்டாண்டுல இருந்து தீவு முழுக்க பஸ் போகுது. ஃபிராவுல இருந்து ஓயாவுக்கு மலை விளிம்பிலேயே சுமார் 10 கிலோமீட்டர் நடைபாதை இருக்கு. ரீல்ஸ்ல பார்த்த காட்சி அத்தனையும் அங்கே இலவசம்.

2025 பிப்ரவரியில இந்தத் தீவுல தொடர்ந்து நிலநடுக்கம் வந்து, ஆயிரக்கணக்கான பேர் வெளியேறினாங்க. அதனால இன்சூரன்ஸ் எடுக்கும்போது பயணம் ரத்தானா பணம் வருமா, எந்தெந்தக் காரணத்துக்கு வரும்னு படிச்சுப் பார்த்து எடுங்க. விசாவுக்குக் கட்டாயம் மருத்துவ கவர் மட்டும்தான், ரத்துக்கான கவர் தனி.

மாசம் 14,400 ஒதுக்க முடியலையா? 36 மாசமா நீட்டுங்க, தொகை பத்தாயிரத்துக்குக் கீழ வந்துடும். அவசர கால நிதியையும் பிள்ளைங்க படிப்புப் பணத்தையும் மட்டும் இதுக்காகத் தொடாதீங்க. கடல் பார்த்தாப் போதும்னா அந்தமான் ஹேவ்லாக் இருக்கு, விசாவும் வேண்டாம், யூரோவும் வேண்டாம்.

இன்னிக்கே ஒரு ஆர்டி திறந்து, "சாண்டோரினி"னு பேர் வைங்க. உங்க குடும்பக் கணக்குல மாசம் எவ்வளவு ஒதுக்க முடியும்னு கமெண்ட்ல எழுதுங்க.